களிம்பின் வரலாறு: செப்புக் காசைத் துலக்குவதிலிருந்து காப்பது வரை

ஆய்வுச் சுருக்கம்

பழைய செப்புக் காசின் மேல் ஏறிய களிம்பை என்ன செய்வது என்ற கேள்விக்குக் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் மூன்று விடைகள் சொல்லப்பட்டுள்ளன. களிம்பு அழுக்கு, அதைப் போக்க வேண்டும் என்பது முதல் விடை. களிம்பு நோய், அதற்கு மருத்துவம் செய்ய வேண்டும் என்பது இரண்டாவது. களிம்பின் பெரும்பகுதி சான்று, அதில் நோயுள்ள இடத்தை மட்டும் அடக்கினால் போதும் என்பது மூன்றாவது. இந்த மாற்றத்தைச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகத்தை மையமாக வைத்துத் தொடர்ந்து செல்லும் இக்கட்டுரை, அதன் பயனை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துச் சேகரிப்பாளரின் நிலையோடு பொருத்திப் பார்க்கிறது.

முன்னுரை

சென்னையிலிருந்து மேற்கே ஆற்காட்டுப் பக்கம் போகும் பழைய சாலை பூந்தமல்லி வழியாகச் செல்கிறது. நவாபு ஆட்சியிலும் கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சியிலும் இவ்வழியே சரக்கும் படையும் போயின. சில்லறைச் செப்புக் காசும் கைமாறியது. கும்பினியின் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் போல்டனின் சோஹோ ஆலையில் எந்திரத்தால் அச்சிடப்பட்ட 1803, 1808ஆம் ஆண்டுகளின் 10 காசு, 20 காசு நாணயங்கள் இன்றும் சேகரிப்பாளர் பலரிடம் உண்டு. நாயக்கர் காசு, ஆற்காட்டு நவாபின் வாலாஜா காசு, அரிதாகச் சங்ககாலச் சதுரக் காசு என இச்சேகரிப்புகள் விரிகின்றன. தங்கமும் வெள்ளியும் தாமே ஓரளவு தாக்குப்பிடிக்கும். செம்பு அப்படியல்ல. மக்கள் நாள்தோறும் கையாண்டது செப்புக் காசே. மிக விரைவில் அழியக்கூடியதும் அதுவே. ஆகவே அதைக் காப்பது பொருளியல் வரலாற்றைக் காப்பதாகும்.

1. புளியும் சாம்பலும்

செம்பைத் துலக்குவதில் தமிழ் வீடுகளுக்கு நீண்ட பழக்கம் உண்டு. பொங்கலுக்கும் ஆயுத பூசைக்கும் செப்புக் குடமும் குத்துவிளக்கும் புளியால் தேய்க்கப்படுகின்றன. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் செம்பின் ஆக்சைடையும் கார்பனேட்டையும் கரைத்து, புது உலோகத்தை வெளியே கொண்டுவருகிறது. சாம்பல் உராய்பொருளாக உதவுகிறது. அன்றாடம் புழங்கும் பாத்திரத்துக்கு இது பொருத்தமானது. பாத்திரத்தின் மேற்பரப்பில் படிக்க வேண்டிய எழுத்து ஏதும் இல்லை.

இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு சிந்தனையும் இருந்தது. சைவ சித்தாந்தம் உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் செம்பின் களிம்பையே உவமையாக எடுத்தாள்கிறது. செம்பு என்று உண்டோ அன்றே களிம்பும் உண்டு, ஆனாலும் அது நீக்கப்பட வேண்டியது என்பது அதன் கருத்து. வேதியியலும் களிம்பைச் செம்பின் இயல்பாகவே காண்கிறது. பூமியில் செம்பு பெரும்பாலும் சல்பைடாகவும் ஆக்சைடாகவும் கார்பனேட்டாகவும் கிடைக்கிறது. உலையில் பிரித்தெடுத்த உலோகம் மண்ணில் புதைந்து ஈரமும் காற்றும் பட்டால் அந்நிலைகளுக்கே திரும்புகிறது. பழங்காசின் மேலுள்ள பச்சை மாலகைட்டும் சுரங்கத்துத் தாதுவான மாலகைட்டும் ஒரே சேர்மம்தான். ஆயினும் களிம்பு என்றாலே போக்க வேண்டியது என்ற எண்ணம் வீட்டிலிருந்து காசு சேகரிப்புக்கும் வந்து சேர்ந்தது.

2. படிப்பதற்காகத் துலக்கிய காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தென்னிந்திய நாணயவியல் ஒரு துறையாக உருப்பெற்றது. 1851இல் தொடங்கப்பட்ட சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஜார்ஜ் பிடி வராகன்களைப் பற்றி எழுதினார். அவருக்குப் பின் 1885இல் பொறுப்பேற்ற எட்கர் தர்ஸ்டன் நாணயப் பட்டியல்களை வெளியிட்டதோடு, தீபகற்பத்தில் கும்பினி வெளியிட்ட நாணயங்களின் வரலாற்றை 1890இல் எழுதினார். வால்டர் எலியட், லோவென்தால், டஃப்னெல் ஆகியோரின் நூல்களும் இக்காலத்தவை. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அவ்வழியில் அருங்காட்சியகத்துக்குக் காசுகள் வந்துகொண்டிருந்தன.

இவர்கள் அனைவரின் நோக்கமும் ஒன்றே: காசின் மேல் என்ன எழுதியிருக்கிறது, என்ன உருவம் பொறித்திருக்கிறது என்று அறிவது. களிம்பு அந்தப் படிப்புக்குத் தடையாகத் தெரிந்தது. அக்காலத்தில் அருங்காட்சியகங்களில் பாதுகாப்பு வேதியியல் தனித்துறையாக இல்லை. பெர்லினில் அரச அருங்காட்சியகங்களுக்கென ஓர் ஆய்வகம் 1888இல்தான் ஃபிரீட்ரிக் ராத்கென் பொறுப்பில் அமைந்தது. பழம்பொருள் பாதுகாப்பு பற்றிய அவரது கையேடு 1898இல் வெளிவந்து, 1905இல் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டது.

இதே ஆண்டுகளில்தான் களிம்பின் மற்றொரு முகம் விளங்கத் தொடங்கியது. பிரெஞ்சு வேதியியலாளர் பெர்தலோ, வெண்கலப் பொருள்கள் அருங்காட்சியக அலமாரியில் இருந்தபடியே தொடர்ந்து அரிக்கப்படுவதற்கான காரணத்தை 1890களில் விளக்கினார். மண்ணிலுள்ள உப்பின் குளோரைடு செம்போடு சேர்ந்து குப்ரஸ் குளோரைடாக உலோகத்தை ஒட்டித் தங்கிவிடுகிறது. ஈரமும் ஆக்சிஜனும் உள்ளே புகுந்தால் அது வெளிர்பச்சைத் தூளாக மாறி, கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை உண்டாக்குகிறது. அந்த அமிலம் புதுச் செம்பைத் தாக்கி மீண்டும் குப்ரஸ் குளோரைடாகிறது. ஈரம் இருக்கும்வரை சுழற்சி நிற்பதில்லை. வெண்கல நோய் என்று இதற்குப் பெயர் வந்தது. தூய செப்புக் காசையும் இது தாக்கும்.

3. எழும்பூர் ஆய்வகம், 1930

இந்தியத் தொல்லியல் துறை 1917இல் முகமது சனாவுல்லாவைத் தொல்லியல் வேதியியலாளராக நியமித்தது. முதல் உலகப் போரின்போது நிலத்தடியில் வைத்திருந்த பொருள்கள் சிதைந்ததைக் கண்ட பிரிட்டிஷ் அருங்காட்சியகம், அலெக்சாண்டர் ஸ்காட் தலைமையில் ஓர் ஆய்வகத்தை அமைத்தது. நியூயார்க்கில் ஃபிங்க், எல்ட்ரிஜ் இருவரும் மின்னாற்பகுப்பு முறையில் வெண்கலங்களை மீட்பது பற்றி 1925இல் நூல் வெளியிட்டனர். இந்தப் பின்னணியில், கிரேவ்லி கண்காணிப்பாளராக இருந்தபோது, எழும்பூரில் 1930இல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் உருவானது. எஸ். பரமசிவன் அதன் வேதியியலாளர் ஆனார். புதையலாகக் கிடைத்து அருங்காட்சியகத்துக்கு வந்த செப்புத் திருமேனிகளைக் களிம்பு அரித்துவந்ததே இதற்கு உடனடித் தேவையாக இருந்தது.

பரமசிவன் காலத்து முறையின் அடிப்படை இது. நோயுற்ற பொருளை நீர்த்த காஸ்டிக் சோடாக் கரைசலில் எதிர்மின்முனையாகத் தொங்கவிடுவார்கள். சுற்றிலும் இரும்புத் தகடு நேர்மின்முனையாக நிற்கும். குறைந்த மின்னோட்டம் நெடுநேரம் பாயும்போது குளோரைடு அயனிகள் பொருளை விட்டு இரும்பின் பக்கம் நகரும். களிம்பு இளகிக் கழன்றுவிடும். பிறகு காய்ச்சி வடித்த நீரில் திரும்பத் திரும்பக் கழுவி, கழுவிய நீரில் வெள்ளி நைட்ரேட் விட்டுப் பார்ப்பார்கள். நீர் பால்போல் கலங்கினால் குளோரைடு இன்னும் மிஞ்சியிருக்கிறது. தெளிவாகவே இருந்தால் கழுவல் முடிந்தது.

இந்தச் சோதனையில்தான் உண்மையான முன்னேற்றம் இருக்கிறது. அதுவரை பொருள் பளபளப்பதே துலக்கியதற்கு அடையாளமாக இருந்தது. இனி குளோரைடு வெளியேறியதே குணமானதற்கு அடையாளம். கண்ணுக்குத் தெரியும் பச்சையும் நோய்க்குக் காரணமான உப்பும் வேறுவேறு என்பது நடைமுறையில் நிலைபெற்றது.

ஆயினும் மின்னாற்பகுப்பு நோயோடு மேற்படலத்தையும் கொண்டுபோய்விடும். உள்ளே திடமான உலோகம் உள்ள பெரிய படிமம் இதைத் தாங்கும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிப்புள்ள காசின் நிலை வேறு.

4. எழுத்து இருப்பது எங்கே

உருப்பெருக்கியின் கீழ் ஒரு பழங்காசின் ஓரத்தைப் பார்த்தால் அடுக்குகள் தெரியும். மேலே மண்ணும் சுண்ணமும் கலந்த பொருக்கு. அடுத்துப் பச்சைக் கார்பனேட்டு. அதன் அடியில் செங்கல் நிறத்தில் குப்ரைட்டு எனும் ஆக்சைடு. எல்லாவற்றுக்கும் உள்ளே எஞ்சிய செம்பு. செம்பு மெல்ல மெல்ல ஆக்சைடாக மாறியபோது, அச்சு பதித்த பழைய மேற்பரப்பின் வடிவம் பெரும்பாலும் அந்த ஆக்சைடிலேயே தங்கிவிட்டது. உள்ளிருக்கும் உலோகமோ குழி விழுந்து உருவிழந்திருக்கும். அமிலத்தில் போட்டவர் களிம்போடு எழுத்தையும் கரைத்துவிடுகிறார்.

சங்ககாலக் காசுகளின் ஆய்வு இதன் தீவிரத்தை உணர்த்துகிறது. மதுரை வட்டாரத்திலும் கரூர் அமராவதி ஆற்றுப்படுகையிலும் கிடைத்த சிறு காசுகளைச் சேகரித்து ஆராய்ந்தவர்களில் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி முதன்மையானவர். 1980களில் அவர் அடையாளம் கண்ட சதுரச் செப்புக் காசு ஒன்றின் ஒரு பக்கம் குதிரையும் 'பெருவழுதி' என்ற தமிழ்ப் பிராமி எழுத்தும், மறுபக்கம் கோட்டு வடிவ மீனும் உள்ளன. சங்ககாலப் பாண்டியர் தம் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டனர் என்பதற்கு நேர்ச்சான்று அது. சில மில்லிமீட்டர் உயரமுள்ள அந்த எழுத்துகளை ஒரு கைப்பிடிப் புளி அழித்துவிட்டிருக்கும்.

எடைக்கும் இதே ஆபத்து உண்டு. எந்த அரசு எந்த எடைத்தரத்தைப் பின்பற்றியது என்பதை நாணயவியலார் நூற்றுக்கணக்கான காசுகளை நிறுத்தே கணிக்கிறார்கள். அமிலம் கண்ட காசு தன் எடையில் ஒரு பகுதியை இழந்துவிடுகிறது. அது குறிக்கப்படாவிட்டால் பிழையான எடை ஆய்வுக்குள் நுழைந்துவிடும்.

இந்த உணர்வு வளர வளர முறைகளும் மென்மையாயின. 5 விழுக்காட்டுச் சோடியம் செஸ்குவிகார்பனேட்டுக் கரைசலில் வாரக்கணக்கில் ஊறவைத்துக் குளோரைடை வெளியேற்றுவது ஸ்காட் காலத்து முறை. மேல் பச்சையைக் கரைத்துக் குப்ரைட்டைப் பெரும்பாலும் விட்டுவைக்கும் காரத்தன்மையுள்ள ரோசெல் உப்புக் கரைசல் இந்திய ஆய்வகங்களில் நன்கு பழகியது. ரோசெல் உப்பு என்பது புளியிலுள்ள அதே டார்டாரிக் அமிலத்தின் சோடியம் பொட்டாசியம் உப்பு. அமிலமாக உலோகத்தைத் தின்ற பொருள், காரக் கரைசலில் அளவோடு இயங்குகிறது. 1960களில் ஆர்கன் என்பவர், நோய்ப்புள்ளியை மட்டும் சுரண்டி வெள்ளி ஆக்சைடால் அடைக்கும் முறையை முன்வைத்தார். 1967இல் மேட்சன் என்பவர், ஆல்கஹாலில் கரைத்த பென்சோட்ரையசோலைப் பரிந்துரைத்தார். அது களிம்பை அகற்றாமல் செம்பின் மேல் மெல்லிய காப்புப் படலமாக அமர்கிறது. நஞ்சுள்ள பொருளாதலால் கையுறையோடு, பயிற்சி பெற்றவரே கையாள வேண்டும்.

5. மேற்குப் புறநகரின் காற்றும் நீரும்

வெண்கல நோய் ஈரப்பதத்தைப் பொறுத்தே விழித்தெழும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 42 முதல் 46 விழுக்காட்டைத் தாண்டினால் குப்ரஸ் குளோரைடு வினைபுரியத் தொடங்கும் என்று கண்டிருக்கிறார்கள். சென்னைக் காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதியில் இதற்கு மேலே நிற்கிறது. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடி பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் என நீர்நிலைகள் சூழ்ந்த இவ்வட்டாரத்தில், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பீரோவுக்குள்ளும் ஈரம் புகும். எனவே இங்குள்ள சேகரிப்பாளருக்குத் துலக்குவதைவிட உலர்த்தி வைப்பதே முதல் கடமை.

ஆய்வகங்களின் அனுபவம் வீட்டுக்கு இப்படி வந்து சேர்கிறது. முதலில் படம் எடுத்து, எடையும் விட்டமும் குறித்துக்கொள்ள வேண்டும். மண் மட்டும் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை அவ்வப்போது மாற்றி, மென்மையான தூரிகையாலோ பல்குத்தும் குச்சியின் முனையாலோ நெகிழ்ந்ததை மட்டும் எடுக்கலாம். உப்பு மிகுந்த ஆழ்குழாய் நீரும் குளோரின் கலந்த குழாய் நீரும் புதிதாகக் குளோரைடைச் சேர்க்கும். கழுவிய காசைத் தூய அசிட்டோனில் தோய்த்தால் ஈரம் விரைவில் அகலும். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும் என்பதால் காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்கு எட்டத்தில் செய்ய வேண்டும்.

புளி, எலுமிச்சை, வினிகர், பித்தளை பாலிஷ், கம்பிநார் ஆகியவை கூடவே கூடாது. தேங்காய் எண்ணெயில் ஊறப்போடுவதும் பாதுகாப்பானதன்று. எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் செம்போடு வினைபுரிகின்றன. எண்ணெய் விளக்கில் பச்சைப் பிசுக்கு ஏறுவதற்குக் காரணம் அதுவே. சோஹோ ஆலைக் காசுகளில் தெரியும் பழுப்பு நிறம் அவற்றின் வயதுக்குரிய மேற்பரப்பு. அதைத் தேய்த்து எடுத்தால் மீண்டும் வராது.

நல்ல பச்சையையும் நோய்ப் பச்சையையும் பிரித்தறிவது அடுத்த திறன். நல்ல களிம்பு கெட்டியாக, வழவழப்பாக, அடர்நிறத்தில் ஒட்டியிருக்கும். நோய்க் களிம்பு வெளிர்பச்சையில், மாவுபோல் உதிரும். குச்சி முனையால் தொட்டாலே கழலும், அடியில் குழி தெரியும். இத்தகைய காசை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, பயிற்சி பெற்ற பாதுகாப்பாளரிடம் கொண்டுபோக வேண்டும். நிறம் மாறிய சிலிக்கா ஜெல்லைச் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் பயன்படுத்தலாம்.

வைக்கும் இடமும் காசைக் கெடுக்கும். பி.வி.சி. உறைகள் நாளடைவில் அமிலத்தையும் பசை போன்ற கசிவையும் வெளிவிட்டுக் காசைப் பச்சையாக்கும். பாலியெஸ்டர், பாலிபுரொப்பிலீன் உறைகள் ஏற்றவை. பிளைவுட் பெட்டியிலிருந்து கரிம அமில ஆவி வரும். ரப்பர் பட்டையில் கந்தகம் உண்டு. விரல் வியர்வையில் உப்பு உண்டு. எனவே ஓரத்தைப் பிடித்தே தூக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட இவ்வட்டாரத்தில், காசுப் பெட்டியைத் தரைமட்டத்தில் வைக்காமல் உயரத்தில் வைப்பதும் பாதுகாப்பின் பகுதியே.

முடிவுரை

புளியிலிருந்து மின்னாற்பகுப்புக்கும், அதிலிருந்து காப்புப் படலத்துக்கும் முறைகள் மாறியதற்கு அடிப்படையாக, காசைப் பற்றிய பார்வையே மாறியது. எலியட், தர்ஸ்டன் காலத்தவருக்குக் காசு ஒரு வாசகம். பரமசிவன் தலைமுறைக்கு அது சிகிச்சை வேண்டிய உலோகம். இன்று அதன் எழுத்து, எடை, அடுக்கு, மண் ஆகிய அனைத்தும் சான்றுகள். எழும்பூர் ஆய்வகம் இந்த மூன்று கட்டங்களையும் இணைக்கும் பாலமாக நின்றது. பளபளப்பை விட்டுக் குளோரைடை அளப்பது என்று 1930களில் எடுத்த முடிவே, பிற்காலத்து நிதானத்துக்கு வழிவகுத்தது எனலாம்.

செப்புக் காசுகளில் கணிசமானவை இன்று தனியார் கைகளில், வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன. ஆகவே பாதுகாப்பின் அடுத்த கட்டம் ஆய்வகத்துக்கு வெளியேதான் நடக்க வேண்டும். காசுக்கு என்ன செய்யப்பட்டது, எப்போது, எதனால், அதற்கு முன்னும் பின்னும் எடை என்ன என்ற ஒரு சிறு குறிப்பு காசோடு சேர்ந்தே கைமாறும் வழக்கம் இங்கு வேரூன்ற வேண்டும். அக்குறிப்பு உள்ள காசை நாளை ஆராய்பவர் நம்பலாம். அது இல்லாமல் மின்னும் காசை அவர் ஐயத்தோடுதான் கையிலெடுப்பார்.