காரை வீடும் கான்கிரீட் வீடும்: இடிக்கும்போது தெரியும் வேறுபாடு

இலஞ்சி, தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் இருவகை வீடுகள் உண்டு. சுண்ணாம்புக் காரையில் செங்கல் கட்டி, உத்திரமும் கைமரமும் ஏற்றி ஓடு வேய்ந்தது ஒன்று. கம்பியும் சிமெண்டும் இறுகிய கான்கிரீட் வீடு மற்றொன்று. கட்டிய அழகில் அல்ல, இடிக்கும் விதத்திலேயே இவற்றின் பெரிய வேறுபாடு இருக்கிறது.

ஓட்டு வீடு, கட்டிய வரிசைக்கு நேரெதிராகப் பிரியும். ஓடு முதலில் இறங்கும். பிறகு கைமரம், உத்திரம், கதவு, நிலை. காரை செங்கல்லைவிட வலுக்குறைந்தது. தட்டினால் கல் முழுசாகவே வரும். உடைந்த கல்லும் வீணாகாது. தூளாக்கினால் சுண்ணாம்போடு சேர்ந்து சுர்க்கிச் சாந்தாகும். சில்லாக்கினால் மொட்டைமாடித் தளத்துக்குச் செங்கல் ஜல்லியாகும்.

கான்கிரீட் வீட்டில் சிமெண்ட் சாந்து விடாமல் பற்றிக்கொள்வதால் செங்கல்தான் முதலில் உடைகிறது. கம்பி பழைய இரும்புக் கடைக்குப் போகும். மிச்சம் பள்ளம் நிரப்பப் போகும். அதிலும் மிஞ்சியது வாய்க்கால் ஓரத்தில் விழுந்தால் வயலுக்குப் போகும் தண்ணீர் மறிபடும்.

ஆனால் கான்கிரீட்டும் பயனற்றதல்ல. உடைத்துச் சலித்தால் ஜல்லி கிடைக்கும். பழைய சாந்து ஒட்டியிருப்பதால் அது தண்ணீரைக் கூடுதலாக உறிஞ்சும். அதனால் 2016ஆம் ஆண்டின் ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தரநிலை இந்த ஜல்லிக்கு வரம்பு வைத்திருக்கிறது: எம்25 தரம் வரையிலான கம்பிக் கான்கிரீட்டில் 20 விழுக்காடு, கம்பியில்லாததில் 25 விழுக்காடு, மெலிந்த கான்கிரீட்டில் முழுவதும்.

இடிபாட்டை இப்படி ஜல்லியாக்கும் ஆலை டெல்லி புராரியில் 2009இல் வந்தது. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இத்தகைய ஆலைகள் இருக்கின்றன. நாள்தோறும் குவியும் இடிபாடுதான் அவற்றுக்குத் தீனி. சிறிய பேரூராட்சி ஒன்றால் அவ்வளவு இடிபாட்டைத் தனியாகத் தர முடியாது. மத்திய அரசின் 2025ஆம் ஆண்டுக் கட்டட இடிபாட்டு விதிகளும் கட்டுமான நிறுவனங்களின் மறுசுழற்சிப் பொறுப்பை 20,000 சதுர மீட்டருக்குக் குறையாத கட்டடங்களுக்கே வைத்திருக்கின்றன. சிறு வீடுகளின் இடிபாடு உள்ளூரின் கையில்தான்.

ஆகவே ஓட்டு வீட்டைப் பிரித்த ஒழுங்கு கான்கிரீட் வீட்டுக்கும் வரவேண்டும். கதவு, குழாய், ஒயர், தரைக்கல் ஆகியவற்றைக் கழற்றிய பிறகே இடிக்க வேண்டும். கான்கிரீட், செங்கல், மண் தனித்தனியே சேர வேண்டும். பக்கத்து ஊர்கள் கூடி ஒரு நடமாடும் அரைவை எந்திரம் வைத்துக்கொள்ளலாம். புது வீட்டுக்கு அனுமதி தரும்போதே பழைய வீட்டின் இடிபாடு எங்கே போகும் என்று பேரூராட்சி எழுதி வாங்கட்டும்.