வெயில் ஊரில் வைட்டமின் பஞ்சம்

வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெயில் பட்டால் தோலில் வைட்டமின் 'டி' உண்டாகிறது என்பதும் நீங்கள் அறிந்ததே. (தோல் என்றதும் ஆம்பூர்க்காரர்களுக்குத் தொழில் நினைவு வரும், நான் சொல்வது நம் மேனித் தோலை.) ஆயினும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மாதவிடாய் நின்ற 150 தென்னிந்தியப் பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோரிடம் இந்த வைட்டமின் குறைந்திருந்தது. பகல் முழுதும் காலணித் தொழிற்சாலைக் கூரையின் கீழ் இருப்பவருக்கு வெயில் ஏது? சன்னல் வழியே வெளிச்சம் வரும். ஆனால் தோலுக்கு வேண்டிய 290 முதல் 315 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதாக் கதிர்களைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும்.

இக்குறையோடு பாராதைராய்டு சுரப்பியின் மிகை இயக்கமும் சேர்ந்தால் என்னவாகும்?

கழுத்தில், தைராய்டின் பின்புறம், பயறளவே உள்ள நான்கு சுரப்பிகள் இவை. இரத்தத்தின் கால்சியம் அளவைக் காப்பது இவற்றின் வேலை. முதலில் இவை தென்பட்டது நம் நாட்டுக் காண்டாமிருகத்திடம்! இலண்டன் விலங்குக் காட்சிசாலையில் 1849-இல் இறந்த அவ்விலங்கை அறுத்துப் பார்த்த ரிச்சர்டு ஓவன், மறு ஆண்டு அதை அறிவித்தார். மனிதரிடம் இவற்றை விவரித்தவர் சுவீடனின் சாண்ட்ஸ்ட்ரோம் (1880).

வியன்னாவில் எலும்புகள் நொறுங்கிய ட்ராம் நடத்துநர் ஒருவருக்குச் சிகிச்சை செய்த ஃபெலிக்ஸ் மாண்டல், சுரப்பி குறைவாக வேலை செய்வதே காரணம் என்ற அக்காலக் கொள்கைப்படி சுரப்பிச் சாற்றைக் கொடுத்தார். வேறொரு சுரப்பியையே ஒட்டவும் வைத்தார். பயனில்லை. 1925-இல் கழுத்தைத் திறந்து, வீங்கிய சுரப்பியை அகற்றினார். வலி தணிந்தது, நோயாளி நடக்கலானார். சில ஆண்டுகளில் நோய் திரும்பியது வேறு கதை.

வைட்டமின் 'டி'யின் பங்கு பின்னரே விளங்கிற்று. கல்லீரல் அதை ஓர் இருப்புப் பொருளாக மாற்றுகிறது என 1969-இல் டிலூக்கா குழுவினர் காட்டினர். அவ்விருப்பைச் செயல்படும் ஹார்மோனாக்குவது சிறுநீரகம் என 1970-இல் ஃபிரேசரும் கோடிசெக்கும் கண்டனர். பாராதைராய்டு ஹார்மோன் இந்த இரண்டாம் வேலையை முடுக்குகிறது. அது மட்டுமன்று. அவ்வாறு பெருகும் ஹார்மோன், கல்லீரலைக் கொண்டு அந்த இருப்பையே விரைவாகச் சிதைக்கிறது என்று 1987-இல் கிளெமென்ட்ஸ் குழுவினர் எலிகளிடம் கண்டனர்; நோயாளிகளிடமும் இருப்பு விரைந்து கரைவது பின்னர் தெரிந்தது. களஞ்சியம் ஏற்கனவே காலி, அதிலும் ஓட்டை!

இருப்புக் குறைந்தவர்களிடம் சுரப்பிக் கட்டி பெரிதாக இருப்பதை 2000-இல் டெட்ராய்ட் ஆய்வு காட்டிற்று. மேலைநாடுகளில் 1970-களிலிருந்து, தானியங்கி இரத்தச் சோதனைகளால் அறிகுறி தோன்றுமுன்பே பலருக்கு நோய் பிடிபட்டது. இங்கோ எலும்பு முறிந்தும் சிறுநீரகக் கல்லுடனும் வருவோர் மிகுதி. அதுவரை மூட்டுவலி, வாதம் என்று தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. வைட்டமின் குறைவு, உயர வேண்டிய கால்சியத்தை இயல்பு போலக் காட்டிவிடும். மருத்துவர் கண்காணிப்பில் குறையை நிரப்பினால் உண்மை வெளிப்படும்: வெறும் வைட்டமின் குறைவாயின் பாராதைராய்டு ஹார்மோன் இறங்கும்; கட்டியாயின் அது இயல்பு நிலைக்கு இறங்காது, கால்சியம் ஏறலாம். எனவேதான் மருந்துக்கடையில் தாமாகவே வாங்கி விழுங்காமல், கால்சியம், வைட்டமின், ஹார்மோன் மூன்றையும் சேர்த்தே அளக்கச் சொல்கிறார்கள்.