சருகணி: தேரும் கண்மாயும்

மறவ நாட்டுக் கிறிஸ்தவர்களிடம் சருகணி என்று சொன்னால் அவர்கள் முதலில் கேட்பது தேரைப் பற்றித்தான். உயிர்ப்புப் பெருவிழாவன்று அசைந்து வரும் அந்தத் தேர், தேவகோட்டையை அடுத்த இச்சிற்றூரின் பெயரைப் பல கல் தொலைவுக்குக் கொண்டு சென்றிருக்கிறது. ஆனால் அது இவ்வூர் வீதிக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டுமானால், இரத்தம் சிந்திய ஒரு காலத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

லிஸ்பன் நகரில் 1647இல் பிறந்து, அருளானந்தர் என்ற தமிழ்ப் பெயர் பூண்டு, இம்மண்ணின் துறவிகளைப் போலக் காவியுடுத்தி மரக்கறி உண்டு வாழ்ந்த புனித ஜான் தெ பிரிட்டோ 1686இல் சிறைபிடிக்கப்பட்டார். செட்டிநாட்டைச் சேர்ந்த பாகனேரியில் கொடிய சித்திரவதைக்கு உள்ளானார். நாடு கடத்தப்பட்டும் திரும்பி வந்தார். அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற தடியத்தேவர், ஒருவனுக்கு ஒருத்தி என்ற நெறிப்படி மற்ற மனைவியரை விலக்கினார். அவர்களுள் கடைசி மனைவி சேதுபதி மன்னரின் உறவினள். அவளுடைய முறையீடே அடிகளாரின் மரண ஆணைக்கு வழிவகுத்தது. 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. அன்று சருகணி வட்டாரமும் அதே சேதுபதியின் ஆளுகையில்தான் இருந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

மன்னனுக்குப் பயந்து மக்கள் வேதத்தைக் கைவிட்டார்களா? இல்லை. 18ஆம் நூற்றாண்டில் சிவகங்கைச் சீமை தனி அரசாகப் பிரிந்த பின், இத்தாலியரான சேசு சபைக் குரு ஜேம்ஸ் தாமஸ் ரோசி சுவாமிகள் இவ்வட்டாரத்தில் அரும்பணி ஆற்றினார். மக்கள் அவரைச் 'சின்னச் சவேரியார்' என்றே அன்புடன் அழைத்தார்கள். பிறகு சோதனை ரோமாபுரியிலிருந்தே வந்தது. 1773இல் பாப்பரசர் 14ஆம் கிளமெண்ட் சேசு சபையைக் கலைத்தார். 1814இல் சபை உயிர்பெற்ற போதிலும், அதன் குருக்கள் மீண்டும் மதுரை மிஷனுக்கு வந்து சேர 1830களின் பிற்பகுதி ஆயிற்று. பரந்த நாடு, விரல்விட்டு எண்ணத்தக்க குருக்கள். அக்காலத்தில் குழந்தைக்கு மந்திரம் சொல்லிக் கொடுத்தவர்கள், சாகக் கிடப்பவன் தலைமாட்டில் செபித்தவர்கள் பெரும்பாலும் உபதேசிமார்களே. நம் வரலாறுகளில் அவர்களுக்குரிய இடம் இன்னும் கொடுக்கப்படவில்லை என்பது என் கருத்து.

இந்த இடைக்காலத்தில்தான் தேர் வருகிறது. சிவகங்கையை 1780இல் வேலு நாச்சியார் மீட்டபின் ஆட்சிப் பொறுப்பேற்ற மருது சகோதரர்கள், காளையார்கோவிலுக்கும் குன்றக்குடிக்கும் திருப்பணி செய்தவர்கள். அதே கையால் சருகணிக் கோயிலுக்கும் தேரும் மானியமும் அளித்தார்கள். 1801 அக்டோபர் 24ஆம் நாள் ஆங்கிலேயர் அவர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டனர். ஓரியூரில் குருவின் தலை விழுந்த நாளுக்கும் மருதிருவரின் மரணத்துக்கும் இடையே 108 ஆண்டுகளே. அதற்குள் அதே மறவர் சீமையில் வேதக்கோயிலுக்கு அரசு தரப்பே தேர் கொடுக்கும் நிலை வந்துவிட்டது! வடம் பிடிக்கும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தேரைப் பற்றிப் பேசிவிட்டுத் தண்ணீரைப் பற்றிப் பேசாவிட்டால் சருகணி வரலாறு பாதிதான். நம் பூமி வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதைக் கண்மாயில் தேக்கினால் ஒரு போகம் நெல்; கண்மாய் தூர்ந்து போனால் அதுவும் இல்லை, பஞ்சம் பிழைக்கப் புறப்பட வேண்டியதுதான். இதை நன்குணர்ந்தவர் லூயி மரி லெவே சுவாமிகள். பிரான்சு நாட்டில் 1884இல் பிறந்து, 1908இல் இந்தியா வந்து, ஆண்டாவூரணியிலும் இராமநாதபுரத்திலும் நெடுங்காலம் உழைத்து, முதிர்ந்த வயதில் சருகணிக்கு வந்தார். ஓய்வெடுக்க வேண்டிய வயதில் கண்மாய்களையும் ஊருணிகளையும் வெட்டி ஆழப்படுத்தும் வேலையில் இறங்கினார். மண் சுமந்தவர்களுக்கு அதனால் உணவும் கிடைத்தது. மழைக்குப் பின் வயலுக்கு நீரும் கிடைத்தது. பிரசங்கத்தைவிட அந்த நீர் அதிகம் பேசியது என்றால் மிகையில்லை.

1973 மார்ச் 21ஆம் நாள், தம் 88ஆம் வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார். 1987இல் மதுரை உயர்மறைமாவட்டத்திலிருந்து சிவகங்கை மறைமாவட்டம் பிரிந்தபோது சருகணி அதில் அடங்கிற்று. பின்னர் சுவாமிகளைப் புனிதர் நிலைக்கு உயர்த்தும் முயற்சியும் தொடங்கப்பட்டது. அவருடைய கல்லறை சருகணியிலேயே இருக்கிறது. கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, பிற சமயத்தாரும் அங்கே வந்து மழைக்காகவும் பிள்ளைகளுக்காகவும் வேண்டிக்கொண்டு போகிறார்கள்.