திசைப்பெயரும் ஆங்கில அடைமொழியும்: தருமபுரி தரும் சான்றுகள்

தருமபுரி தமிழ்நாட்டின் வடமேற்கில் இருக்கிறது. இந்த வரியைத் தமிழில் எழுத ஐந்தாம் வகுப்பு மாணவரும் தயங்கமாட்டார். ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் கல்லூரி மாணவரின் பேனாவும் நின்றுவிடுகிறது. நார்த்வெஸ்ட் தமிழ்நாடு என்பதா, நார்த்வெஸ்டர்ன் தமிழ்நாடு என்பதா? முதலெழுத்து பெரியதா, சிறியதா? பல்லாண்டு ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தத் தயக்கம் மாணவரின் அறியாமை அன்று. இரண்டு மொழிகளும் திசையைக் கையாளும் முறை வேறு. அந்த வேறுபாட்டை விளக்கிச் சொல்லாமல் விதியை மட்டும் மனப்பாடம் செய்யச் சொன்னால் அது நிலைப்பதில்லை.

நம் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். திசைப்பெயர் இன்னொரு சொல்லோடு சேரும்போது என்ன ஆகும் என்பதை நன்னூல் தனி நூற்பாவாகவே, 186ஆவதாக, வகுத்திருக்கிறது. நிலைமொழியின் ஈற்றிலுள்ள ‘கு’வும் அதற்கு முன்னுள்ள ககர ஒற்றும் நீங்கும், றகர ஒற்று னகரமாகவோ லகரமாகவோ திரியும். அதனால் வடக்கும் கிழக்கும் சேர்ந்தால் வடகிழக்கு, தெற்கும் மேற்கும் சேர்ந்தால் தென்மேற்கு, மேற்கும் நாடும் சேர்ந்தால் மேல்நாடு. பவணந்தி முனிவரை இந்நூல் செய்யத் தூண்டியவன் கோலார்ப் பகுதியை ஆண்ட கங்கர் மரபினன் சீயகங்கன். தருமபுரிக்கு வடக்கே அதிகத் தொலைவில்லாத ஊர் அது.

இந்தப் புணர்ச்சி விதி ஓசையைப் பற்றியது. ‘வட’ என்று குறுகினாலும் ‘வடக்கு’ என்று நின்றாலும் பொருள் மாறுவதாக இலக்கணம் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் அப்படியன்று. அங்கே நார்த் என்ற குறுவடிவும் நார்தர்ன் என்ற நெடுவடிவும் வேறு வேறு வேலை செய்கின்றன. நெடுவடிவின் ஈற்றில் வரும் ‘அர்ன்’ பழைய ஆங்கிலத்திலிருந்தே தொடரும் ஒட்டு. குறுவடிவு ஒரு நிலப்பகுதியின் பெயரோடு ஒட்டி, எல்லை வகுத்த தனிப்பெயர் ஆகிறது. நெடுவடிவு அந்த இடம் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று வருணிக்கிறது; எல்லை எங்கே முடிகிறது என்று அது சொல்வதில்லை.

இதற்குத் தென்னாப்பிரிக்காவைவிடத் தெளிவான சான்று இல்லை. சவுத் ஆப்பிரிக்கா என்பது 1910இல் ஒன்றியமாக உருவான ஒரு நாடு. சதர்ன் ஆப்பிரிக்கா என்றால் அந்த நாட்டோடு நமீபியா, போட்ஸ்வானா, ஜிம்பாப்வே போன்றவையும் அடங்கிய கண்டத்தின் தென்பகுதி. வடிவை மாற்றி எழுதினால் நாடே மாறிவிடும். நாமும் அறியாமலே இந்த வேறுபாட்டைக் கடைப்பிடிக்கிறோம். நாட்டைச் சொல்ல ‘தென்னாப்பிரிக்கா’ என்று சேர்த்து எழுதுகிறோம். வட்டாரத்தைச் சொல்லவேண்டி வந்தால் ‘ஆப்பிரிக்காவின் தென்பகுதி’ என்று பிரித்து விரிக்கிறோம். தமிழ் தொடரை விரித்துச் செய்வதை ஆங்கிலம் ஓர் ஒட்டால் செய்துவிடுகிறது. இதைச் சொன்னதும் வகுப்பில் முகங்கள் தெளிவதைப் பார்த்திருக்கிறேன்.

இனி நம் மாவட்டம். 1965 அக்டோபர் 2ஆம் நாள் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானபோது, அதன் கிழக்கெல்லையைத் தொட்ட இரண்டு மாவட்டங்கள் வட ஆற்காடும் தென் ஆற்காடும். ஆங்கில ஆவணங்களில் அவை நார்த் ஆர்க்காட், சவுத் ஆர்க்காட். நார்தர்ன் ஆர்க்காட் என்பது மாவட்டத்தின் பெயர் அன்று. இது ஆற்காட்டின் வடபகுதி என்ற வருணனை அன்று. எல்லை வகுத்த ஒரு மாவட்டத்துக்குப் பெயர் வைத்தார்கள். 1989இல் வட ஆற்காடும் 1993இல் தென் ஆற்காடும் பிரிக்கப்பட்டன. 1997க்குப் பின் அந்தப் பெயர்களே மாவட்டப் பட்டியலிலிருந்து நீங்கின. அரூர் வட்டத்துப் பெரியவர்கள் இன்றும் திருவண்ணாமலைப் பக்கத்தை வட ஆற்காடு என்றுதான் சொல்கிறார்கள்.

அதே சென்னை மாகாணத்தில் ஆந்திரக் கடற்கரைப் பகுதிக்கு மட்டும் நார்தர்ன் சர்க்கார்ஸ் என்று நெடுவடிவில் பெயர் நிலைத்தது. இங்கேதான் விதி வளைகிறது. வருணனையாகத் தொடங்கிய தொடர் நீண்டகாலப் புழக்கத்தில் பெயராக உறைந்துவிடுவதுண்டு. சித்தேரி மலையும் வத்தல்மலையும் சேர்ந்த கிழக்குத் தொடர்ச்சி மலைக்கு ஈஸ்டர்ன் காட்ஸ் என்பதே பெயர். அதை ஈஸ்ட் காட்ஸ் என்று எழுதக்கூடாது. ஆஸ்திரேலியாவில் சவுத் ஆஸ்திரேலியாவும் வெஸ்டர்ன் ஆஸ்திரேலியாவும் அடுத்தடுத்த மாநிலங்கள். ஒன்றுக்குக் குறுவடிவு, மற்றதற்கு நெடுவடிவு. இலங்கையில் நம் உறவுகள் வாழும் மாகாணங்கள் நார்தர்ன், ஈஸ்டர்ன். அவை 1988 முதல் 2006 வரை இணைந்திருந்தபோது ஆங்கிலப் பெயர் நார்த் ஈஸ்டர்ன் புரொவின்ஸ். ஆகவே நான் சொல்லும் முதல் அறிவுரை, ஊகிக்காதீர்கள் என்பதே. இடத்துக்கு அதிகாரப்பூர்வப் பெயர் இருந்தால் அது எப்படி எழுதப்பட்டதோ அப்படியே எழுத வேண்டும். பெயர் இல்லாதபோதுதான் விதிக்கு வேலை.

அதிகாரப்பூர்வப் பெயர் எவ்வளவு நுணுக்கமானது என்பதை நம் ரயில் நிலையங்களில் பார்க்கலாம். மொரப்பூரும் பொம்மிடியும் ஜோலார்பேட்டை–சேலம் பாதையில், சதர்ன் ரயில்வேயின் சேலம் கோட்டத்தில் இருக்கின்றன. தருமபுரி நிலையமோ சேலம்–பெங்களூரு பாதையில், சவுத் வெஸ்டர்ன் ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தில் இருக்கிறது. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு மண்டலங்கள். 1951 ஏப்ரல் 14 அன்று சவுத் இந்தியன் ரயில்வே, மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே, மைசூர் ரயில்வே மூன்றும் இணைந்து சதர்ன் ரயில்வே ஆயின. சவுத் இந்தியன் என்ற பழைய பெயரில் சவுத் இந்தியா என்ற நிலப்பெயர் இருக்கிறது; ஆகவே குறுவடிவு. புதிய பெயரில் நிலத்தின் பெயரே இல்லை, திசை மட்டும்; ஆகவே நெடுவடிவு. நிலப்பெயர் துணைக்கு இல்லாமல் ரயில்வே போன்ற பொதுச்சொல்லின் முன் நிற்கும்போது திசைப்பெயர் பெரும்பாலும் நெடுவடிவையே நாடுகிறது. நார்தர்ன் ரயில்வே, ஈஸ்டர்ன் ரயில்வே என்பனவும் இப்படித்தான். வேளாண் பல்கலைக்கழகம் தருமபுரியைச் சேர்த்திருக்கும் வேளாண் காலநிலை மண்டலத்துக்கும் நார்த் வெஸ்டர்ன் ஸோன் என்பதே பெயர். தமிழில் ‘தெற்கு’ என்று நேராகச் சொல்லாமல் ‘தென்னக ரயில்வே’ என்று ஆக்கியவர் யாராயினும் பாராட்டுக்குரியவர். ‘அகம்’ சேர்த்து நிலத்தை உள்ளே கொண்டுவந்த அழகு ஆங்கிலப் பெயரில் இல்லை.

சட்டமன்றத் தொகுதிகளில் திசை பின்னால் வருகிறது: சேலம் வடக்கு, சேலம் தெற்கு, சேலம் மேற்கு. இந்த இடத்தில் ஆங்கிலமும் குறுவடிவை மட்டுமே ஏற்கும்.

மழைக்கு வருவோம். தருமபுரிக்குத் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் மழை தருகின்றன. விடைத்தாள்களில் சவுத்வெஸ்டர்ன் மான்சூன் என்று எழுதுவது அடிக்கடி காணும் பிழை. சவுத்வெஸ்ட் மான்சூன் என்பதே வழக்கு. காற்றுக்கு அது புறப்படும் திசையால் பெயர் அமைகிறது. அங்கே வருணிக்க ஒரு நிலப்பகுதி இல்லை. வானிலைத் துறை நம் அண்டை மாநிலத்தின் உட்பகுதியைப் பிரிக்கும்போது சவுத் இன்டீரியர் கர்நாடகா, நார்த் இன்டீரியர் கர்நாடகா என்று குறுவடிவைப் பயன்படுத்துகிறது. அவை எல்லை வகுத்த வானிலை உட்பிரிவுகள் என்பதே காரணம். தென்பெண்ணை ஆற்றின் ஆங்கிலப் பெயரிலும் குறுவடிவே. நந்திமலைப் பகுதியில் தோன்றும் இரண்டு பெண்ணைகளில் நம் மாவட்டத்தின் வழியாக ஓடுவது சவுத் பெண்ணார்.

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இப்போது விடை சொல்லலாம். நார்த்வெஸ்ட் தமிழ்நாடு என்ற பெயரில் மாவட்டமோ மாநிலமோ இல்லை. தருமபுரி கிடக்கும் பக்கத்தை வருணிக்கிறோம். ஆகவே நார்த்வெஸ்டர்ன் தமிழ்நாடு என்பது ஐயத்துக்கு இடமில்லாத வடிவம். திசையின் முதலெழுத்து சிறியது. செய்தித்தாள்கள் சுருக்கம் கருதி நார்த்வெஸ்ட் என்றும் எழுதுகின்றன. அதையும் பிழையென்று திருத்தமாட்டேன். பெரிய எழுத்தைத்தான் திருத்துவேன். தமிழ் எழுத்தில் பெரியது சிறியது என்ற பிரிவு இல்லாததால், பெயரையும் வருணனையையும் கண்ணுக்குப் பிரித்துக் காட்டும் அந்த அடையாளத்தை நம் மாணவர் எளிதில் தவறவிடுகிறார்.

மக்களைக் குறிக்கும் அடைமொழியில் இன்னொரு நுட்பம் உண்டு. நிலப்பெயரின் ஈறுதான் மாறும், திசை அசையாது. சவுத் இந்தியாவிலிருந்து சவுத் இந்தியன், சவுத்ஈஸ்ட் ஏசியாவிலிருந்து சவுத்ஈஸ்ட் ஏசியன், வெஸ்டர்ன் ஆஸ்திரேலியாவிலிருந்து வெஸ்டர்ன் ஆஸ்திரேலியன், நார்தர்ன் அயர்லாந்திலிருந்து நார்தர்ன் ஐரிஷ். தோசையைச் சதர்ன் இந்தியன் உணவு என்று எழுதுவோர் திசையையும் சேர்த்து அடைமொழியாக்க முயல்கிறார்கள். அடைமொழியாக்கும் வேலையை ‘இந்தியன்’ என்ற சொல்லே முடித்துவிட்டது.

இத்தனை நுணுக்கம் தேவையா என்று கேட்பவர்களுக்கு தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதி ஆவணங்களைச் சுட்டுவேன். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களை டர்பனில் கொண்டுபோய் இறக்கியது. அடுத்த அரை நூற்றாண்டு அப்படிப் போனவர்களின் கப்பல் பதிவேடுகளில் பெயரோடு மாவட்டமும் ஊரும் எழுதப்பட்டன. அந்தப் பதிவேடுகளில் சேலமும் இருக்கிறது, நார்த் ஆர்க்காட்டும் இருக்கிறது. ஐந்தாம் ஆறாம் தலைமுறையினர் தம் முன்னோரின் ஊரைத் தேடி அவற்றைப் புரட்டுகிறார்கள். வட ஆற்காடு என்ற மாவட்டம் இன்று வரைபடத்தில் இல்லை. டர்பனில் இருக்கும் ஒருவர் நார்தர்ன் ஆர்க்காட் என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. நார்த் ஆர்க்காட் என்று சரியாகத் தேடினால் தம் முன்னோரின் சிற்றூர் அவருக்குக் கிடைக்கக்கூடும்.