பெயரை மாற்றினால் போதுமா? சிங்கப்பூர் மனநல மருத்துவம் வந்த பாதை

'மனநலம்' கட்டுரைத் தலைப்பாக வந்தால் பலரும் அறிவுரை மட்டும் எழுதி முடிச்சிடுறாங்க. கொஞ்சம் வரலாறும் சேர்ந்தால் கட்டுரைக்கு வலு கூடும்.

தொடக்கத்தில் சிங்கப்பூரில் மனநோயாளிகளைச் சிறையில் அடைத்து வைத்தார்கள். 1840இல் அங்கே ஒருவர் இன்னொருவரைக் கொன்றுவிட்டார். அதற்குப் பிறகுதான், 1841இல், பிராஸ் பசா சாலையில் 30 படுக்கைகளுடன் தனி மருத்துவமனை கட்டினார்கள். 1862இல் அது நம்ம தேக்காவுக்குப் பக்கத்துல, கண்டாங் கெர்பாவ் பகுதிக்கு மாறியது. 1928இல் இயோ சூ காங்கில் பெரிய மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது.

1951இல் அதற்கு 'உட்பிரிட்ஜ்' என்று புதுப்பெயர் வைத்தார்கள். அருகில் இருந்த மரப்பாலத்தால் வந்த பெயர். ஆனா, நாளடைவில் அந்தப் பெயரே கேலிச்சொல் ஆயிடுச்சு! 1993இல் புவாங்கோக்கிற்கு இடம் மாறி, மனநலக் கழகம் என்று பெயர் பெற்றது.

நோய்களின் பெயர்களும் மாறின. தன்னைப் பற்றி நினைப்பதிலும் பிறரோடு பழகுவதிலும் ஒருவருக்கு நெடுங்காலம் சிக்கல் நீடித்தால், அது ஆளுமைக் கோளாறாக இருக்கலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய்ப் பட்டியல் இதைப் பல வகையாகப் பிரித்தது. எந்த ஒரு வகையிலும் அடங்காமல் பல அறிகுறிகள் கலந்திருந்தால், 'கலப்பு ஆளுமைக் கோளாறு' என்றது. 2022இல் நடப்புக்கு வந்த பதினோராவது பட்டியலோ, 'எந்த வகை?' என்பதைவிட 'பாதிப்பு எவ்வளவு?' என்று கேட்கிறது: லேசானதா, மிதமானதா, கடுமையானதா?

இதற்கு முக்கியச் சிகிச்சை பேச்சுவழிச் சிகிச்சைதான். கூடவே மனச்சோர்வு, பதற்றம் இருந்தால் மருந்தும் கொடுப்பாங்க. கொந்தளிக்கும் உணர்ச்சிகளைக் கையாளக் கற்றுத்தரும் ஒரு சிகிச்சையை உருவாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான். இளவயதில் தாமே மனநல மருத்துவமனையில் இருந்ததை 2011இல் அவர் வெளிப்படையாகச் சொன்னார். நோயாளி என்ற பெயரோடு அவருடைய வாழ்க்கை முடிந்துவிடவில்லை.

மாணவர்களே, 'பைத்தியம்' என்று எழுதாதீர்கள். 'மனநலம் பாதிக்கப்பட்டவர்' என்று எழுதுங்கள். ஆனா, சொல்லை மட்டும் மாத்தினா போதாதுன்னு உட்பிரிட்ஜ் கதையே சொல்லுது. உங்கள் கதையில் அவருக்கு ஒரு பெயர், ஒரு வேலை, அக்கறையோடு விசாரிக்க ஒரு நண்பன் கொடுங்கள். ஆசிரியர்களே, வகுப்பில் நாம் பயன்படுத்தும் சொல்லையும் கவனிப்போம். பாதிக்கப்பட்ட பிள்ளை முதல் வரிசையிலேயே உட்கார்ந்திருக்கலாம்.