ஜெர்மேன் செலியேயின் சம்பங்கி

சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டில் சம்பங்கிக்கு விலை வைப்பது பஞ்சாங்கம். முகூர்த்த நாள் என்றால் பூவைத் தொட முடியாது. ஆடியும் மார்கழியும் வந்தால் கேட்க ஆளிருக்காது. அப்படித் தேங்கும் மூட்டைகள் சென்ட் ஃபேக்டரிக்குப் போகும். எங்கள் அப்பாருக்கு, அதாவது தாத்தாவுக்கு, அந்தப் பேச்சே ஆகாது. "இன்னைக்கும் சென்ட்டுக்குத்தானுங்க போச்சு" என்று சொல்லிக்கொண்டே அப்பா வண்டியை நிறுத்தினால், கட்டிலில் படுத்தபடியே முகத்தைத் திருப்பிக்கொள்வார். சாமிக்குப் போகலாம், கல்யாணத்துக்குப் போகலாம், இழவு வீட்டுக்கும் போகலாம், எல்லாம் மாலைதான். ஃபேக்டரிக்குப் போன பூ அவர் கணக்கில் வீண்.

அந்த வீணாய்ப் போன பூ என்ன ஆகிறது என்பது எனக்குத் தெரிந்தது வேதியியல் படித்த பிறகு. பூவை ஹெக்சேனில் ஊறவைத்துக் கழுவுகிறார்கள். ஹெக்சேனை ஆவியாக்கி எடுத்துவிட்டால் அடியில் மெழுகு போலத் தங்கும். அதற்கு அந்தத் தொழிலில் கான்கிரீட் என்று பெயர். அதை ஆல்கஹாலில் கரைத்து, குளிரவைத்து, மெழுகையும் பிறகு ஆல்கஹாலையும் நீக்கினால் அப்சொல்யூட். ஜாதிமல்லியில் ஒரு கிலோ அப்சொல்யூட் எடுக்க ஏறத்தாழ 600, 700 கிலோ பூ வேண்டும். சம்பங்கி அதைவிடவும் கஞ்சம். இன்று உலகச் சந்தைக்குப் போகும் சம்பங்கி அப்சொல்யூட்டில் பெரும்பங்கு தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் பூத்தது.

இத்தனைக்கும் சம்பங்கி நம் ஊர்ப் பூ கிடையாது. அதன் தாய்மண் மெக்சிகோ. ஐரோப்பியர் அதை உலகமெல்லாம் கொண்டுபோனார்கள். பிரான்சின் தெற்கில் இருக்கும் கிராஸ் ஊரில் அதற்குப் பெரிய மரியாதை கிடைத்தது. கிராஸ் முதலில் தோல் பதனிடும் ஊர். தோலின் நாற்றத்தை மறைக்கக் கையுறைகளுக்கு வாசனை ஏற்றப் போய், காலப்போக்கில் தோலை விட்டுவிட்டு வாசனையைப் பிடித்துக்கொண்டது. பறித்த பிறகும் மல்லிகையும் சம்பங்கியும் வாசனையை விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் கண்ணாடிப் பலகையில் பன்றிக் கொழுப்பைத் தடவி, பூவைப் பரப்பி, மல்லிகை என்றால் ஒரு நாள், சம்பங்கி என்றால் இரண்டு நாள் வைப்பார்கள். பிறகு பழைய பூவைப் பொறுக்கி எடுத்துவிட்டுப் புதுப் பூ. கொழுப்பு வாசனையில் நிறையும்வரை இதுவே வேலை. அந்தப் பொறுக்கும் வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். குப்பியில் அடைக்கும் கலவையைத் தீர்மானித்தவர்கள் ஆண்கள்.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் பெண்களுக்கான சென்ட் என்பதன் கதை முழுக்கவே அப்படித்தான். ஷனேல் நம்பர் 5 வந்தது 1921இல். மாஸ்கோவில் பிறந்த ஏர்னெஸ்ட் போ எண் போட்ட மாதிரிக் குப்பிகளை நீட்ட, கொக்கோ ஷனேல் ஐந்தாம் எண்ணைத் தேர்ந்தெடுத்தார். தேர்ந்தெடுத்தவர் பெண்தான். ஆனால் அதை விற்க 1924இல் தொடங்கிய நிறுவனத்தில் அவர் பங்கு பத்து சதவீதம். தன் பெயர் போட்ட குப்பியில் பத்தில் ஒரு பங்கு! 1944இல் ஜெர்மானியர் பிடியிலிருந்து பாரிஸ் விடுபட்டதும் அமெரிக்கச் சிப்பாய்கள் ஷனேல் கடை வாசலில் வரிசையில் நின்று வாங்கினார்கள், ஊரிலிருக்கும் மனைவிக்கும் காதலிக்கும் கொடுக்க. ழான் பத்தூவின் ஜாய் 1930இல் வந்தது. 30 மில்லிக்கு 10,600 மல்லிகை, 28 டஜன் ரோஜா என்று கணக்குச் சொல்லி விற்றார்கள். அந்தக் கணக்கு சென்ட்டைப் பூசுகிறவளைவிடக் காசு கொடுக்கிறவனுக்குத்தான் சொல்லப்பட்டது என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

இந்த ஆண்கள் கூட்டத்துக்குள் நுழைந்தவர் ஜெர்மேன் செலியே. 1909இல் போர்தோவில் பிறந்தவர், பாரிஸில் வேதியியல் படித்தவர். வேதியியல் படித்த பெண் என்பதாலேயே எனக்கு அவர்மேல் ஒரு சொந்தம். ரூர் என்ற பெரிய வாசனை நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே ஏற்கெனவே கொடிகட்டிப் பறந்த ழான் கார்லுக்கும் இவருக்கும் ஒத்துப்போகவில்லை. இருவரையும் ஒரே கூரையின் கீழ் வைத்து மாள முடியாமல், இவருக்குத் தனி ஆய்வகமே அமைத்துக் கொடுத்தது நிறுவனம்.

செலியேயின் கை அடக்கமான கை இல்லை. மற்றவர்கள் சொட்டுக் கணக்கில் சேர்ப்பதை இவர் கரண்டியால் அள்ளிப் போட்டார். 1944இல் ரொபேர் பிகே என்ற உடையலங்காரக் கலைஞருக்காகச் செய்த பாண்டி, ஐசோபியூட்டைல் குயினோலின் என்ற பொருளின் பலத்தில் நிற்கிறது. புதுத் தோல், புகை, கொஞ்சம் கசப்பு. பெண்ணுக்கான சென்ட் என்றால் பூவும் பவுடரும்தான் என்றிருந்த காலத்தில் இது. 1947இல் பல்மான் என்ற இன்னொரு உடையலங்காரக் கலைஞருக்காகச் செய்த வோன் வேரில் கால்பனம் என்ற பிசினை எட்டு சதவீதம் சேர்த்தார். ஈரானிலிருந்து வரும் இந்தப் பிசின் நம் பெருங்காயத்தின் பங்காளி, இரண்டு செடியும் ஒரே பேரினம். ஆனால் வாசம் பச்சைப்பசேல் என்றிருக்கும், அவரைக்காயை நடுவில் ஒடித்த மாதிரி.

அடுத்தது 1948. மறுபடியும் பிகேவுக்காக, ஃப்ரக்கா. சம்பங்கிதான் முழுக்க.

பழைய மாணவி ஒருத்தி வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்து கொடுத்த குப்பியைத் திறந்தபோது எனக்கு வந்தது கல்யாண மண்டப வாசம். ஆனால் மாலையை நேராக முகர்வதுபோல இல்லை; அதற்குள் இருக்கும் ஒவ்வொன்றையும் தனித்தனியே பெரிதாக்கிக் காட்டினால் எப்படியிருக்கும், அப்படி. சம்பங்கியில் மீத்தைல் சாலிசிலேட் இருக்கிறது, ஊட்டியில் மூட்டுவலிக்கு விற்கும் விண்டர்கிரீன் தைலத்தின் சாரம் அது. லாக்டோன்கள் இருக்கின்றன, தேங்காயிலும் வெண்ணெயிலும் வரும் கொழகொழப்பான வாசம். இண்டோல் இருக்கிறது, கொஞ்சமாக இருந்தால் பூ, மிஞ்சினால் அந்துருண்டை. ஆள் கூச்சப்படுவார்களே என்று எதையும் குறைக்காமல் ஆரஞ்சுப் பூவையும் மல்லிகையையும் பக்கத்தில் நிறுத்தி, பூவின் குரலை இன்னும் ஏற்றிவிட்டார் செலியே. எங்கள் பக்கத்தில் சம்பங்கி மாலைக்குப் போகும், கூந்தலுக்கு மல்லியும் ஜாதிப்பூவும்தான். சாமி கழுத்தில் கிடந்த பூவை ஒரு பெண் தன் மேலில் எடுத்துப் போட்டுக்கொண்டால் எப்படியிருக்கும் என்று நானும் யோசித்ததில்லை.

செய்தது பெண், சரி. வாங்கியது? பாரிஸில் உடை தைத்துக்கொள்ளும் வசதியுள்ளவர்கள். மற்றவர்களுக்குப் பிறந்தநாளும் கல்யாண நாளும் வரவேண்டும், புருஷனுக்கு ஞாபகமும் வரவேண்டும். அந்த வழக்கத்தை உடைத்தவர் நியூயார்க்கின் எஸ்டீ லாடர். 1953இல் யூத் ட்யூ என்ற வாசனையைச் சென்ட் என்று சொல்லாமல் குளியல் எண்ணெய் என்று விற்றார். அதைச் செய்து கொடுத்தவரும் ஜோசஃபின் கட்டப்பானோ என்ற பெண்தான். குளியல் எண்ணெய் வாங்கப் பெண்கள் யாரையும் எதிர்பார்ப்பதில்லை, உதட்டுச்சாயம் வாங்குவதுபோல 8.50 டாலர் கொடுத்து வாங்கிவிடலாம். மூடியைத் திருகித் திறந்து கடையிலேயே முகரவும் முடிந்தது. கிராம்பும் பட்டையும் பிசினுமாகக் கனத்த வாசம் அது. எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் விற்ற விதத்துக்காக அந்த அம்மாளைக் கும்பிடலாம்.

நம்மூரில் அந்த மாற்றம் வர இன்னும் நாளானது. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காகச் சென்னையில் 1969இல் பர்மா பஜார் உண்டானது. ஃபாரின் சென்ட் என்றால் அங்கே போவார்கள். பிறகு வளைகுடாவிலிருந்து வந்த பெட்டிகளில் சார்லியும் புளூ லேடியும் வந்தன. இரண்டிலும் குப்பியைத் தேர்ந்தெடுத்தது மாமாவோ மச்சானோதான். என்ன வந்ததோ அதைப் பூசிக்கொள்வோம். தானே வாங்கிப் பூசினால் பேச்சு வேறு. நான் முதலில் வேலை பார்த்த பள்ளியில் கொஞ்சம் சென்ட் போட்டுப் போன அன்று, "டீச்சருக்கு இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று ஆசிரியர் அறையில் நாலு பேர் கேட்டார்கள். அதே அறையில் கோகுல் சாண்டல் பவுடரைக் கழுத்து வெளுக்கப் பூசியிருந்தவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

சமீபத்தில் அண்ணன் மகள், சொந்தச் சம்பளம் வாங்குகிறவள், கோயமுத்தூரில் ஒரு கடைக்கு என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். வேதியியல்காரி அத்தை கூட இருந்தால் ஏமாற்ற மாட்டார்கள் என்று நம்பிக்கை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அடித்த நிமிஷம் வருவது எலுமிச்சை, ஆரஞ்சு மாதிரி லேசான மூலக்கூறுகள், கால்மணியில் போய்விடும். அதை நம்பிக் காசு கொடுக்காதே. அட்டையில் முகர்ந்து பிடித்தால் மணிக்கட்டில் அடித்துக்கொண்டு ஒரு காபி குடித்துவிட்டு வா. மணிக்கட்டைத் தேய்த்தால் மூலக்கூறு நசுங்கிவிடும் என்பார்கள், அப்படியெல்லாம் நசுங்காது, சூட்டில் சீக்கிரம் ஆவியாகும், அவ்வளவுதான். நம் வெயிலுக்குப் பாதி அளவு போதும். ஃப்ரக்கா மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு நெரிசலான பஸ்ஸில் ஏறுவது பாவம். பட்டுப்புடவையில் நேராக அடிக்காதே, கறை போகாது.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஏஞ்சல் என்ற குப்பியைக் கையில் எடுத்தாள். 1992இல் வந்தது. எத்தைல் மால்ட்டால் என்ற சர்க்கரைப் பாகு வாசப் பொருளை அதில் கைதாராளமாகச் சேர்த்திருப்பார்கள்.

"பஞ்சுமிட்டாய் வாசம் வருது, கண்ணு."

"அதுக்குத்தான் அத்தை" என்று சொல்லிவிட்டு, கார்டை எடுத்து நீட்டினாள்.