மல்லாட்டைக்கு மூத்த பூச்சி

1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கும்வரை நெய்வேலியும் தென்னாற்காட்டின் மற்றச் செம்மண் ஊர்களைப் போல மானாவாரிச் சீமைதான். சுரங்கத்தைத் தாண்டி விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கம் போனால் மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லைகள் இன்றும் உண்டு. அவற்றின் தீராத எதிரி சுருள் பூச்சி. ஆறு மில்லிமீட்டர் நீளமே உள்ள அந்துப்பூச்சி; சாம்பல் கலந்த பழுப்பு நிறம், முன்னிறகின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. இதன் புழு முதலில் இலையின் இரு தோல்களுக்கு நடுவே புகுந்து பச்சையத்தைச் சுரண்டும். ஐந்தாறு நாளில் வெளியே வந்து, பக்கத்து இலைகளை நூலால் பிணைத்து, அந்தச் சுருளுக்குள்ளேயே தின்று கூட்டுப்புழுவாகிவிடும். மழை பொய்த்த ஆண்டில், தூரத்திலிருந்து பார்த்தால் கொல்லையே தீய்ந்து கிடக்கும்.

மல்லாட்டை தென் அமெரிக்கப் பயிர் என்பதால், பூச்சியும் விதையோடு கப்பலேறி வந்திருக்கும் என்று தோன்றலாம். சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. புழு வாழ்வது இலையில். விதையாகப் பயணம் செய்தது காய். 1904இல் இந்த இனத்துக்கு அறிவியல் பெயர் கிடைத்தது ஜாவாவிலிருந்து. இந்தியா, இலங்கை முதல் சீனா, பிலிப்பைன்ஸ் வரை பரவியுள்ள இது சோயாவையும், நம் தரிசுகளில் தானே முளைக்கும் கார்போகரிசியையும் தின்னும். ஆப்பிரிக்காவுக்கு மல்லாட்டை போய் நானூறு ஆண்டுக்கு மேலாகியும், இந்தப் பூச்சியோ இதன் நெருங்கிய உறவோ அங்கே சேதம் செய்தது தெரியவந்தது 1998இல், உகாண்டாவில். பயிர் போன வழி வேறு, பூச்சி போன வழி வேறு.

அப்படியானால் தரிசுச் செடிகளில் சிதறிக் கிடந்ததைப் பெரும் பூச்சியாக்கியது எது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரான்சின் மார்செய் ஆலைகளுக்கு எண்ணெய் வித்து தேவைப்பட்டது. புதுச்சேரித் துறைமுகம் வழியே மல்லாட்டை போயிற்று. தென்னாற்காடு ஊர் ஊராக மல்லாட்டைக்கு மாறியது. வறட்சிதானே காரணம், மழை பெய்தால் பூச்சி அடங்குகிறதே என்று கேட்கலாம். பலத்த மழை இதை அடக்கும் என்பது உண்மையே. ஆனால் வறட்சி இந்த மண்ணுக்குப் புதிதன்று. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே பயிர் நிற்பதுதான் புதிது. வேளாண் பல்கலைக்கழகம் இன்று நாலு வரிசை மல்லாட்டைக்கு ஒரு வரிசை கம்பு போடச் சொல்வதும் இதற்குச் சான்று: கம்பு இடையில் நின்றால், சுருளுக்குள் இருக்கும் புழுவைத் தேடிக் கொல்லும் சிறு குளவிகள் கொல்லையில் தங்குகின்றன.